சேலம் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு: கேள்விகளும் பதில்களும்

பிறந்து வளர்ந்தது சேலம் என்பதால், வெளியூர்க்காரர்கள் என்னிடம் வழி கேட்பது வழக்கம். சமீபத்தில் கேட்டவர்களுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, மதுரையிலிருந்து அம்மா அப்பாவோடு வருகிறோம். இரண்டு நாள்தான் லீவு. ஏற்காடு மட்டும் போதுமா?

பதில்: மலைக்கு ஒரு நாள் போதும் தம்பி. இன்னொரு நாளைத் தாரமங்கலத்துக்குக் கொடுங்கள். ஏற்காட்டில் ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று ஓடிக்கொண்டே இருந்தால் பெரியவர்கள் களைத்துவிடுவார்கள். கிளியூர் அருவிக்குப் படி இறங்கி ஏற வேண்டும், அவர்களுக்கு வேண்டாம். அதற்குப் பதில் சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். 5,326 அடி உயரம், இந்த மலையின் உச்சியே அதுதான். குனிந்து குகைக்குள் போனால் சேர்வராயனும் காவிரியம்மனும் இருப்பார்கள். வெளியே வந்தால் புல்வெளி, காற்று. அங்கே அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள்.

கேள்வி: தாரமங்கலத்தில் அப்படி என்ன இருக்கிறது ஐயா? எங்கள் ஊரிலும் பெரிய கோயில்கள் உண்டே.

பதில்: உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கைலாசநாதர் கோயிலில் கல்லைப் பேச வைத்தவர்கள் கெட்டி முதலிகள். சுமார் 17ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்டவர்கள். ஒரு தூணில் ராமர் வில்லோடு நிற்கிறார், இன்னொரு தூணில் வாலி. ராமர் பக்கம் நின்று பாருங்கள், வாலி தெரிவான். அப்புறம் நடந்துபோய் வாலி பக்கம் நின்று திரும்புங்கள், ராமர் தெரிய மாட்டார்! மறைந்து நின்று அம்பு விட்ட கதையைத் தூண்களின் இடைவெளியிலேயே சொல்லியிருக்கிறார் சிற்பி. சிறு வயதில் அப்பா என் தோளைப் பிடித்து இரண்டு தூணுக்கும் நடத்திக் காட்டினார். இன்று வரை யாரைக் கூட்டிப் போனாலும் நானும் அப்படித்தான் காட்டுகிறேன். சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையையும் தேடிப் பாருங்கள், உருளும், வெளியே வராது. மதியம் நடை சாத்திவிடுவார்கள். மேற்குப் பார்த்த கோயில் என்பதால் சாயங்கால வெயிலில் முகப்பு அழகாக இருக்கும்.

கேள்வி: முதல் தடவை மலையில் கார் ஓட்டப் போகிறேன். பயமாக இருக்கிறது.

பதில்: ஏற்காட்டுக்குச் சேலம் பக்கமிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள், வளைவுக்கு முன்னால் ஹாரன் அடியுங்கள். இறங்கும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஒருமுறை நான் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கி, பாதியில் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்து ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. முழுக்க என் தப்பு.

கேள்வி: காபிப் பூ எப்போது பார்க்கலாம்?

பதில்: மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்த எட்டு பத்து நாளில். செடி முழுக்க வெள்ளையாகி, மல்லிகை போல மணக்கும், சில நாளில் வாடிவிடும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்த பயிர் இது.

கேள்வி: மேட்டூர் அணை நிரம்பியிருக்கும்போது வந்தால்தான் நன்றாக இருக்குமா?

பதில்: 120 அடி தொட்டு, உபரி நீர் திறக்கும்போது பார்ப்பது தனி அனுபவம்தான். நான் தண்ணீர் குறைந்த காலத்திலும் வரச் சொல்வேன். 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடித்த இந்த அணைக்காகப் பல ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடி பக்கம் பழைய கோயிலின் நந்தியும் கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். யாரோ கும்பிட்ட இடம் அது, மேலே ஏறி நின்று படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: கோவையிலிருந்து வரும் வழியில் சங்ககிரிக் கோட்டை ஏறலாமா? பையனுக்கு ஒன்பது வயது.

பதில்: தாராளமாக. ஆனால் காலை ஏழு மணிக்கே ஏறத் தொடங்குங்கள், வெயில் ஏறிவிட்டால் பாறை கொதிக்கும். தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாசலாகக் கடந்து போகும்போது பையனுக்குத் தீரன் சின்னமலையின் கதையைச் சொல்லிக்கொண்டே போங்கள். 1805இல் வெள்ளைக்காரர்கள் அவரைத் தூக்கிலிட்டது இந்தக் கோட்டையில்தான்.

கேள்வி: சாப்பிட?

பதில்: சாயங்காலம் தள்ளுவண்டியில் தட்டுவடை செட், அதாவது இரண்டு தட்டைகளுக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்தது. காரச் சட்னி கொஞ்சம் தூக்கலாகக் கேளுங்கள்.