வேன் வண்டியில் கொண்டுபோகும்போது வெல்டிங் மெஷின் பெட்டியின் லாட்ச் தானாகத் திறந்துகொள்கிறது, கையுறையோடு திறக்கவும் வரவில்லை. என்ன மாதிரி லாட்ச் வைக்கலாம்?

கம்பி வளையமும் நெம்புகோலும் உள்ள டாகிள் லாட்ச்தான் இதற்குச் சரி. ஆனால் வாங்கி மாட்டினால் மட்டும் போதாது, மாட்டும் இடம்தான் முக்கியம். நெம்புகோலின் கீல் முனைக்கும் மூடியிலுள்ள கொக்கிக்கும் நேர்கோடு ஒன்றை மனதில் போடுங்கள். மூடிய நிலையில், வளையம் நெம்புகோலில் மாட்டியிருக்கும் புள்ளி அந்தக் கோட்டைத் தாண்டி 2 மி.மீ. அளவு பெட்டிப் பக்கம் இறங்கியிருக்க வேண்டும். அப்போது இழுவிசையே நெம்புகோலை அமுக்கிப் பிடிக்கும். கோட்டிலேயே நின்றால் குலுக்கலில் திறந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். சரியாக அமைந்ததா என்று கையே சொல்லிவிடும்: கடைசிக்குச் சற்று முன் இறுக்கம் உச்சத்துக்குப் போய், பிறகு நெம்புகோல் ‘டக்’கென்று தானே விழும்.

மூடி விளிம்பிலுள்ள ரப்பர் பட்டை (பீடிங்) நாளடைவில் அமுங்கிப்போவதால் இழுவிசை குறையும். அதனால் நீளத்தைத் திருகிக் குறைத்து மறுபடி இறுக்கிக்கொள்ள, மரையும் லாக் நட்டும் உள்ள வளையமாக வாங்குங்கள். கையுறை விரல் நுழைய நெம்புகோல் நுனிக்கு அடியில் 25 மி.மீ. இடைவெளி விடுங்கள், நுனி வெளிப்பக்கம் வளைந்திருந்தால் இன்னும் நல்லது.

1 மி.மீ. தகட்டில் பாப் ரிவெட் அடிக்காதீர்கள், ஓட்டை பெருத்துவிடும். உள்ளே 3 மி.மீ. பட்டை கொடுத்து எம்5 (5 மி.மீ.) போல்ட், நைலாக் நட் (குலுக்கலில் தளராதபடி உள்ளே நைலான் வளையம் உள்ள நட்) போட்டு இறுக்குங்கள். தூக்கும் கைப்பிடி மூடியில் இருந்தால் முழு எடையும் லாட்சில்தான் தொங்கும். அந்தக் கைப்பிடியை முதலில் பெட்டியின் உடலுக்கு மாற்றுங்கள்.