கம்பெனிகள் நடத்தும் ஹவுஸ் மேகசின் எப்படித் தொடங்கியது? அதை யாராவது படிக்கிறார்களா?

கேள்வியின் இரண்டாவது பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன். படித்தார்கள். கோவையில் ஒரு பம்பு கம்பெனியின் ஹவுஸ் மேகசினில் தமிழ்ப் பக்கங்களைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவன் நான். இரும்பை உருக்கி வார்க்கிற எங்கள் பவுண்டரியில் அதைப் படித்தார்கள், மடித்து டிபன் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். இதைக் கேட்ட உங்களை அநேகமாக எச்.ஆரில் யாரோ கூப்பிட்டு, "நீங்க கொஞ்சம் எழுதுவீங்களாமே, இதையும் பாத்துக்குங்க" என்று தலையில் கட்டியிருப்பார்கள். அப்படித்தான் பெரும்பாலும் நடக்கும், எனக்கும் அப்படித்தான் வந்தது.

முதலில் வரலாறு. யாரைக் கேட்டாலும் ‘தி ஃபர்ரோ’ என்ற பத்திரிகையைத்தான் சொல்வார்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து மோலின் ஊரிலிருந்து ஜான் டீர் கம்பெனி 1895இல் விவசாயிகளுக்காக ஆரம்பித்தது. அன்றைக்கு அவர்கள் கலப்பை செய்கிற கம்பெனி, டிராக்டர் தொழிலுக்குள் வந்ததே 1918இல்தான். 1912 வாக்கில் அந்தப் பத்திரிகை 40 லட்சம் பிரதி வரை போனது, இன்றைக்கும் வருகிறது. தங்கள் மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டிருக்காமல் மண், விதை, தண்ணீர், வரவு செலவு என்று விவசாயிக்கு வேண்டியதை எழுதினார்கள், அதனால்தான் நிலைத்தது என்பது என் கணிப்பு.

ஆனால் அது வாடிக்கையாளருக்கான பத்திரிகை. வேலை செய்கிறவர்களின் பத்திரிகை என்றால் இன்னும் அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். மாசசூசெட்ஸில் லோவல் என்று ஒரு மில் ஊர். சுற்றுவட்டாரப் பண்ணை வீடுகளிலிருந்து இளம்பெண்கள் அங்கே வந்து விடுதியில் தங்கி, பருத்தி மில்லில் தினம் 12, 13 மணி நேரம் வேலை செய்தார்கள். இரவில் கூடிப் படிப்பார்கள், எழுதியதை வாசித்துக் காட்டுவார்கள். ஏபல் தாமஸ் என்ற பாதிரியார் அவற்றைத் தொகுத்து 1840 அக்டோபரில் ‘லோவல் ஆஃபரிங்’ என்று அச்சிட்டார். 1842இல் ஹாரியட் ஃபார்லி, ஹாரியட் கர்ட்டிஸ் என்ற இரண்டு பெண்கள் ஆசிரியர்களானார்கள், இருவருமே மில்லில் வேலை செய்தவர்கள். அதே வருஷம் லோவலுக்கு வந்த சார்லஸ் டிக்கன்ஸ், 400 பக்கத்தை வாங்கிக்கொண்டு போய் முதலிலிருந்து கடைசிவரை படித்ததாகத் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார்.

அதைக் கம்பெனிப் பத்திரிகை என்று சொல்லலாமா என்று வரலாறு படித்தவர்கள் சண்டைக்கு வரலாம். சரி, கம்பெனி நேரடியாக நடத்தவில்லை. ஆனால் 1845இல் நடந்த சண்டையே இதைப் பற்றியதுதான். சாரா பேக்லி என்பவரும் மில் தொழிலாளி, அதே பத்திரிகையில் எழுதியவர், பிறகு பத்து மணி நேர வேலை கேட்டுப் போராடியவர். அந்த ஜூலை 4ஆம் தேதிக் கூட்டத்தில் அவர், இந்தப் பத்திரிகை முதலாளிகளுக்குச் சாதகமானது, குறை சொல்லி எழுதினால் போடுவதில்லை என்று பகிரங்கமாகப் பேசினார். ஃபார்லி மறுத்துப் பதில் எழுதினார். அந்த வருஷக் கடைசியிலேயே பத்திரிகை நின்றும் போனது.

இதை நான் ஏதோ பொது அறிவுக்காகச் சொல்லவில்லை. முதன்முதலாக இதைப் படித்தபோது எங்கள் பவுண்டரியில் மணலில் அச்சு எடுக்கும் மோல்டர் ஒருவர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

எங்கள் மேகசின் சென்டர் பின் அடித்த 24 பக்கம், அட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டிருக்கும். அதில் நான்கு பக்கம் தமிழ். மீதியெல்லாம் எம்.டி. குத்துவிளக்கு ஏற்றுவது, டீலர் மீட்டிங், ஐஎஸ்ஓ சான்றிதழ். அந்த நான்கு பக்கத்துக்கு ஆள் பிடிப்பதுதான் என் வேலை. அந்த மோல்டர் அண்ணனிடம் "மணலைப் பத்தி எழுதிக் கொடுங்கண்ணா" என்று கேட்டேன். "நமக்கு என்னங்க தம்பி எழுத வரும், எட்டாவதோட நின்னாச்சுங்க" என்றார். ஒரு வாரம் கழித்து உற்பத்திச் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்து நீட்டினார்.

அதில் இருந்ததை எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. கிரீன் சாண்டை, அதாவது அச்சு எடுக்கிற ஈர மணலை, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடி. கையைத் திற. விரல் ரேகை மணலில் பதிந்திருக்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. இப்போது நடுவில் ஒடி. ஒடிந்த ஓரம் கூர்மையாக நின்றால் மணல் சரி. உதிர்ந்தால் தண்ணீரோ, மணலை ஒட்ட வைக்கிற பென்டோனைட் களிமண்ணோ போதவில்லை, உலோகம் ஊற்றும்போது அச்சு சரியும். கையில் பிசுபிசுத்தால் தண்ணீர் அதிகம். கொதிக்கிற இரும்பு உள்ளே போனதும் அந்தத் தண்ணீர் ஆவியாகும், வெளியேற வழியில்லாமல் வார்ப்புக்குள் ஓட்டை விழும். பம்பு உறையில் அந்த ஓட்டை இருந்தால் மேலே பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம், ஆனால் கிணற்றில் இறக்கிய பிறகு கசியும் என்று வேறு எழுதியிருந்தார். லேப் ரிப்போர்ட் வருவதற்குள் மணல் காய்ந்துவிடும், அதனால் கைதான் முதல் லேப் என்று முடித்திருந்தார்.

கட்டுரையில் இன்னும் இரண்டு வரி இருந்தது. வார்ப்பின் உள்துளைக்கு மணல் உருவம் செய்கிற கோர் ஷாப் பக்கம் தூசி இழுக்கிற ஃபேன் ரொம்ப நாளாக ஓடவில்லை, அங்கே வேலை செய்கிறவர்கள் இருமுகிறார்கள், பார்த்துச் செய்ய வேண்டும் என்று. கோபமாகக்கூட எழுதவில்லை.

நான் அப்படியே டைப் அடித்துக் கொடுத்தேன். புரூஃபிலும் இருந்தது. அச்சாகி வந்தபோது அந்த இரண்டு வரி இல்லை, அந்த இடத்தில் ஒரு சின்னப் பூ படம். பிரஸ்ஸில் கேட்டால் ஆபீசிலிருந்து போன் வந்தது என்றார்கள். ஆபீசில் கேட்டால் "டீலர் கையிலெல்லாம் போற புக்குப்பா" என்றார்கள். தனிச்சுற்றுக்கு மட்டும் என்று அட்டையில் போட்டுவிட்டு டீலரைக் காட்டிப் பேசினால் எப்படி? நான் எழுத்திலேயே ஆட்சேபம் கொடுத்தேன், பதில் வரவில்லை.

அந்த அண்ணன் புத்தகத்தை வாங்கினார், தன் பெயரைப் பார்த்தார், படித்தார். ஒன்றும் கேட்கவில்லை. கட்டுரைக்கு நல்ல பேர். புதிதாக வந்த டிரெய்னி பையன்கள் அதை வெட்டி லாக்கர் கதவில் ஒட்டியிருந்தார்கள், மணலைப் பிடித்துக் காட்டச் சொல்லி அவரிடம் போய் நின்றார்கள். ஆனால் மறுபடி நான் கேட்டபோது "வேண்டாமுங்க தம்பி" என்றார், அதற்கப்புறம் அவர் எழுதவேயில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். எனக்குக் கிடைத்ததெல்லாம் பொங்கல் கவிதையும் சர்க்கரை நோய்க்குப் பாகற்காய்க் குறிப்பும்தான். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

"சம்பளம் கொடுக்கிற கம்பெனி தன் காசில் தன் குறையை அச்சடிக்குமா" என்று கேட்பார்கள், தெரியும். கம்பெனியை நாறடிக்கச் சொல்லவில்லை. அந்த இரண்டு வரியைப் போட்டு, கீழே ‘ஃபேன் இந்தத் தேதிக்குள் சரி செய்யப்படும்’ என்று மேனேஜர் பதிலையும் போட்டிருந்தால் எந்த டீலர் ஓடிப்போயிருப்பான்? நிர்வாகத்துக்கு ஜால்ரா போட்டவன்தானே என்று என்னையே கேட்பவர்களும் உண்டு. அந்த நான்கு பக்கம் இல்லாவிட்டால் அந்த மணல் பாடம் எங்கே அச்சேறியிருக்கும், அவர்களே சொல்லட்டும்.

அப்புறம் ஏஜென்சி வந்தது, பளபளப்புத் தாள் வந்தது, முதலில் போனது தமிழ்ப் பக்கம். பிறகு அச்சும் நின்று, மெயிலில் பி.டி.எஃப். என்றானது. மோல்டிங் லைனில் நிற்கிறவருக்குக் கம்பெனி மெயில் ஏது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். பழைய இதழ்களின் ஃபைல்கள் என்னிடம் சி.டி.யில் இருக்கின்றன. திறந்தால் ஒரு எழுத்துகூடத் தமிழாக இல்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு டி.டி.பி. கடைக்கும் ஒரு ஃபான்ட், ஒவ்வொன்றுக்கும் தனி என்கோடிங், அதாவது எந்த எண் எந்த எழுத்து என்கிற கணக்கு. எல்லாருக்கும் பொதுவான என்கோடிங்கான யூனிகோடில் தமிழ் 1991லேயே வந்துவிட்டது, தமிழக அரசு அதை ஏற்று ஆணை போட்டதே 2010இல். நடுவில் தட்டச்சான எத்தனை கோயில் மலர், சங்க மலர், பள்ளி ஆண்டு மலர் இப்படி ஃபைலாக இருந்தும் படிக்க முடியாமல் கிடக்கின்றன! கோடிக்கணக்கில் மாநாடு நடத்துகிறோம், ஊர் ஊராகப் பழைய ஃபைல்களை வாங்கி மாற்றிக் கொடுக்க ஒரு அலுவலகம் கிடையாது.

உங்களிடம் வேலையை ஒப்படைத்திருந்தால் எல்லாவற்றையும் யூனிகோடிலேயே அடியுங்கள், ஒவ்வொரு இதழிலும் இரண்டு பிரதி தாளிலும் எடுத்து வையுங்கள். ஆபீசில் திருத்தம் சொன்னால் வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள், யார் சொன்னார்கள் என்று புரூஃபிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். என் சி.டி.யில் இருப்பது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைல்கள், ஃபான்ட் கையில் இல்லை. இதை மாற்றத் தெரிந்தவர்கள் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன்.