ஆடிக்கு அழைக்கலாமா? கொரோனா ஊரடங்கு காலக் கேள்வி பதில்

(இந்த இதழ் அச்சேறும் 2020 ஜூலை நடுப்பகுதியில் நடப்பில் உள்ள விதிகளை வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கிளம்பும் முன் புதிய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

தை மாதம் பெண்ணைக் கட்டிக்கொடுத்தோம். சென்னையில் இருக்கிறாள். இது தலை ஆடி. பாபநாசத்துக்கு அழைத்து வந்து, ஆடிப்பெருக்கு அன்று தாலி மாற்ற வேண்டும். இ-பாஸ் கிடைக்குமா? அழைக்காவிட்டால் சம்பந்தி வீட்டில் குறையாக நினைப்பார்களே?
– ஒரு தாய், பாபநாசம்

மாவட்டம் தாண்டிப் போவதற்கான இ-பாஸ் திருமணம், மரணம், அவசர மருத்துவம், வெளியூரில் சிக்கியவர் ஊர் திரும்புவது ஆகியவற்றுக்குத்தான். ஆடி அழைப்பு அந்தப் பட்டியலில் இல்லை. "பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று போட்டு வாங்கிவிடலாம்" என்று சொல்ல உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். கேட்காதீர்கள். பொய்க் காரணம் காட்டினால் வழக்கு வரும். அதையும் தாண்டி வந்து சேர்ந்தாலும், சென்னையிலிருந்து வந்தவர் 14 நாள் வீட்டுக்குள் தனித்திருக்க வேண்டும். வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். பெண் வந்த சந்தோஷத்தைவிட அந்த நோட்டீஸைப் பற்றிய பேச்சுதான் தெருவில் அதிகமாக இருக்கும்.

ஆடி பதினெட்டு இந்த வருடம் ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை. ஜூலையில் ஞாயிறு எல்லாமே தளர்வில்லாத முழு ஊரடங்கு. ஆகஸ்டிலும் அது நீடித்தால் பாபநாசத்தில் இருக்கும் நீங்களே குடமுருட்டிக் கரைக்குப் போக முடியாது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடுகிற வருடத்தில் இப்படியா என்ற ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் தாலிக் கயிறு மாற்றுவதற்கு ஆற்றங்கரை கட்டாயமில்லை.

சீரை இப்போதே அனுப்பிவிடுங்கள். மஞ்சள் கயிறு இரண்டு, காதோலை கருகமணி, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி: இவ்வளவும் ஸ்பீட் போஸ்ட்டில் சின்னப் பொட்டலமாகப் போய்விடும். கயிற்றுக்கு மஞ்சள் பூசினால் நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுக் காகிதத்தில் சுற்றுங்கள். ஈரத்தோடு பாலிதீன் கவரில் போட்டால் போய்ச் சேர்வதற்குள் பூஞ்சை பிடிக்கும். பத்து நாள் முன்பாகவே அஞ்சலில் சேர்ப்பது நல்லது. பார்சல்கள் இப்போது தாமதமாகின்றன.

அன்று காலை பெண் ஒரு குடத்தில் நீர் நிறைத்து, மஞ்சள் கரைத்து, விளக்கேற்றி, அதையே காவிரியாக வைத்துக் கும்பிடட்டும். கயிற்றைப் பிரிப்பதற்கு முன் தாலி, குண்டு, காசு எந்த வரிசையில் கோத்திருக்கிறது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அனுபவமுள்ள கை பக்கத்தில் இல்லாதபோது குழப்பம் வருவது இந்த இடத்தில்தான். தரையில் பாய் விரித்து, மேலே ஒரு தாம்பாளத்தை வைத்துக்கொண்டு பிரித்தால் குண்டுமணி உருண்டு ஓடாது. முதலில் வெறும் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக் கழுத்தில் போட்ட பிறகே பழையதைக் கழற்ற வேண்டும். கயிறு இரண்டு அனுப்பச் சொன்னது இதற்காகத்தான். கோத்து முடித்து அணிந்ததும் கிழங்குக் கயிற்றை எடுத்துவிடலாம். பத்திரப்படுத்திய கல்யாண மாலை அவளிடம் இருந்தால் கூவத்தில் விட வேண்டாம்! உதிர்த்துச் செடிக்கு உரமாகப் போடலாம், அல்லது ஊருக்கு வரும்வரை ஒரு பையில் கட்டித் தொங்கவிடலாம்.

காப்பரிசி அங்கேயே கலக்கட்டும். ஒரு டம்ளர் பச்சரிசியைக் கழுவிப் பத்து நிமிடம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி ஈரப்பதம் மட்டும் இருக்கும்வரை உலர்த்த வேண்டும். அதில் முக்கால் டம்ளர் பொடித்த வெல்லம், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் ஒரு கைப்பிடி, பொட்டுக்கடலை இரண்டு ஸ்பூன், வறுத்த எள் ஒரு ஸ்பூன், ஏலக்காய். அரிசியைச் சரியாக உலர்த்தாவிட்டால் வெல்லம் நீர்விட்டுக் கூழாகிவிடும். தேங்காய் இருப்பதால் சாயங்காலத்துக்குள் தீர்க்க வேண்டும்.

சம்பந்தி விஷயம்: 'ஆடிக்கு அழைக்காத மாமியார்' என்று பழமொழி இருக்கும் ஊர் நம்முடையது. அதனால் வாட்ஸ்அப் செய்தி போதாது. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சேர்ந்து ஃபோன் செய்து, "முறைப்படி அழைக்கிறோம், வண்டி ஓட ஆரம்பித்ததும் வந்து கூட்டிப்போகிறோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மாப்பிள்ளைக்கு வேட்டி, சட்டைக்கான பணத்தை அன்றே அனுப்பிவிடுங்கள்.

ஆவணியில் கும்பகோணத்தில் மகனுக்குக் கல்யாணம். 600 பத்திரிகை அடித்தாகிவிட்டது. பெண் வீடு குத்தாலம். 50 பேர் என்கிறார்களே, எப்படிப் பிரிப்பது?
– வாசகர், ஆடுதுறை

முதலில் ஒரு சிக்கல். குத்தாலம் நாகப்பட்டினம் மாவட்டம். நீங்கள் தஞ்சாவூர் மாவட்டம். பெயருக்குத்தான் பக்கத்து ஊர், நடுவில் மாவட்ட எல்லை இருக்கிறது. பெண் வீட்டார் ஒவ்வொரு வண்டிக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும். காரில் ஓட்டுநர் போக மூன்று பேர். பத்திரிகை, ஆதார், வண்டி எண் மூன்றும் தெளிவான படமாக இருக்க வேண்டும். நிராகரிக்கப்படும் விண்ணப்பங்களில் அடிக்கடி காணும் குறை, படிக்க முடியாத பத்திரிகைப் படமும், மணமக்களுக்கு என்ன உறவு என்று எழுதாமல் விடுவதும்தான். பெண், பெண்ணின் பெற்றோர் செல்லும் வண்டிக்கு முதலில் விண்ணப்பியுங்கள். சித்தப்பா வண்டி நிராகரிக்கப்பட்டால் கல்யாணம் நிற்காது.

50 என்பதில் வாத்தியார், நாதஸ்வரம், சமையல்காரர், ஃபோட்டோகிராஃபரையும் சேர்த்தே எண்ணுங்கள். சோதனைக்கு வருகிறவர் தலையைத்தான் எண்ணுவார், யார் எதற்கு வந்தார்கள் என்று கேட்கமாட்டார். வேலைக்காரர்களுக்கு 10 ஒதுக்கினால் இரு வீட்டுக்கும் ஆளுக்கு 20. அந்த இருபதில் தாய்மாமன், அத்தை, கூடப்பிறந்தவர்கள் என்று சடங்கில் வேலை இருப்பவர்கள் மட்டும். "பெரியப்பாவைக் கூப்பிட்டால் சின்னப் பெரியப்பாவையும்" என்று ஆரம்பித்தால் முடிவே இல்லை. 65 வயதைத் தாண்டியவர்களை வீட்டில் வைத்தே ஆசீர்வாதம் வாங்குவது மரியாதைக் குறைவு ஆகாது.

மண்டபத்தாரிடம் முன்பணத்தைத் திரும்பக் கேட்பதைவிட, 2021 தை அல்லது வைகாசியில் வரவேற்புக்கு அதே தொகையைக் கழித்துக்கொள்ளக் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் ரசீதின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம், மேனேஜர் மாறுவார்.

சாப்பாடு: ஐம்பது பேர் ஒரு வேளைக்குச் சாப்பாட்டு அரிசி 6 கிலோ, சாம்பாருக்குத் துவரம் பருப்பு ஒன்றரைக் கிலோ போதும். பெரிய கல்யாணத்துக்குச் சமைத்துப் பழகிய மாஸ்டர்கள் கை தாராளம். அளவை எழுதிக் கொடுத்துவிடுங்கள். பந்தி இரண்டாக, ஓர் இலை விட்டு ஓர் இலை.

பெரிய கோயில்கள் மூடியிருப்பதால் கோயில் கல்யாணத்தை நம்ப வேண்டாம். திருமணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்ற சட்டம் ஊரடங்கிலும் சட்டம்தான். ஆகவே மண்டப ரசீது, பத்திரிகை, தாலி கட்டும் படம் மூன்றையும் தனியாக எடுத்து வையுங்கள்.

மார்ச்சில் பெங்களூருவிலிருந்து வந்த மகனும் மருமகளும் இன்னும் இங்கேதான். மருமகள் காலையில் மடிக்கணினி முன் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருக்கிறாள். எனக்கு 61 வயது. வாயைத் திறந்தால் சண்டை ஆகிவிடுமோ என்று பயம்.
– வாசகி, மன்னார்குடி

கடிதத்தில் மகன் என்ன வேலை செய்கிறார் என்று ஒரு வரிகூட இல்லையே அம்மா? அவரும் அதே வீட்டில்தானே இருக்கிறார். பங்கு பிரிக்கும்போது மூன்று பேருக்குப் பிரியுங்கள்.

ஞாயிறு இரவு மருமகளிடம் வாரத்துக்கான மீட்டிங் நேரங்களைக் கேட்டுக் காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். காலை 9:30-க்கு மீட்டிங் என்றால் எட்டு மணிக்குள் டிபன், அதற்கு மாவு முன்பே இருக்க வேண்டும். நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் இட்லி அரிசியும் உளுந்தும் வாரம் இரண்டு முறை அரைத்து ஃபிரிட்ஜில் வைப்பது மகன் வேலை. கிரைண்டருக்கு ஆண், பெண் தெரியாது. மதியச் சமையல் உங்களுடையது, இரவு முழுக்க அவர்கள் இருவருடையது. அவர்கள் செய்யும்போது அடுப்படிக்குள் போய் "உப்பு போட்டியா?" என்று கேட்காமல் இருப்பது உங்கள் பங்கு. இதுதான் மூன்றில் கஷ்டமானது.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது; அன்றுதான் வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல் கூடும். ரவுட்டருக்கு மட்டும் 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கினால் சில மணி நேரம் ஓடும். வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பேசும் அறைக்குத் தெருப்பக்க ஜன்னல் வேண்டாம். மீட்டிங் நடுவில் மீன்காரர் குரல் கேட்டால் அவளுக்குத்தான் சங்கடம்.

மாதச் செலவுக்கு அவர்கள் எவ்வளவு தருவது என்பதை மகனிடம் கேட்காமல் இருவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

அப்பாவும் அம்மாவும் திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமத்தில் தனியாக. அப்பா இன்சுலின் போடுகிறார். பேங்குக்கு ஆறு கிலோமீட்டர். நான் ஓசூரில் மாட்டிக்கொண்டேன்.
– வாசகி, ஓசூர்

பணத்துக்குத் தபால்காரரைப் பிடியுங்கள். எந்த வங்கிக் கணக்காக இருந்தாலும், ஆதார் இணைத்திருந்தால், அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி வழியாக வீட்டு வாசலிலேயே ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை எடுத்துத் தருவார்கள். கிளை அஞ்சலகத்துக்கு ஃபோன் செய்து சொன்னால் போதும். இதில் தகராறு செய்வது கைரேகை. வயல் வேலை செய்த விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவித் துடைத்து, லேசாகத் தேங்காய் எண்ணெய் தொட்டு வழித்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் ஏற்கவில்லை என்றால் மோதிர விரல். சானிடைசர் போட்ட கை முழுதாகக் காயும்முன் வைத்தால் இயந்திரம் படிக்காது.

இன்சுலின்: திறக்காத குப்பிகள் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், ஃபிரீசரில் உறைந்ததைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். திறந்த குப்பி பொதுவாக 28 நாள் வரை வெளியில் இருக்கலாம், ஆனால் 30 டிகிரிக்குள். நம் பக்கம் ஆடியிலும் அதைத் தாண்டும். ஆகவே ஒரு சின்ன மண்பானையை மணல் பரப்பிய பெரிய மண்சட்டிக்குள் வைத்து, மணலை நனைத்துக்கொண்டே இருந்தால் உள்ளே குளிர்ச்சி நிற்கும். குப்பியை மூடிய டப்பாவில் போட்டு உள்பானையில் வைக்கலாம். திறந்த தேதியைக் குப்பியில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாத மருந்து எப்போதும் மிச்சம் இருக்கட்டும். மருந்துச் சீட்டின் படம் உங்களிடமும் மருந்துக் கடைக்காரரிடமும் இருக்கட்டும்.

தினமும் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் "ஆச்சு" என்றுதான் பதில் வரும். "காலையில் சுகர் எவ்வளவு? என்ன டிபன்?" என்று கேளுங்கள்.

மே மாதத்துக்கு எடுத்த ரயில் டிக்கெட் பணம் வருமா?
– வாசகர், திருவாரூர்

வரும். இணையத்தில் எடுத்திருந்தால் நீங்கள் ரத்து செய்ய வேண்டியதில்லை, பணம் எடுத்த கணக்குக்கே முழுத் தொகையும் திரும்பும். கவுன்ட்டர் டிக்கெட் என்றால் பயணத் தேதியிலிருந்து ஆறு மாதம் அவகாசம் இருக்கிறது, அசல் டிக்கெட் கையில் வேண்டும். வழக்கமான ரயில்கள் ஆகஸ்ட் 12 வரை கிடையாது. மயிலாடுதுறை வழியாக ஓடிய திருச்சி–செங்கல்பட்டு சிறப்பு ரயிலும் ஜூன் 29 முதல் நிறுத்தம்.

இந்த ஆடியில் எங்கள் மொய் விருந்து. ஐந்து வருடமாகச் செய்ததைத் திரும்ப வாங்கும் முறை. கடன்காரர்கள் காத்திருக்கிறார்கள். விருந்து இல்லாமல் மொய் கேட்கலாமா?
– வாசகர், பேராவூரணி

கேட்கலாம், எல்லோரிடமும் அல்ல. கஜா புயல் 2018 நவம்பரில் தென்னையைச் சாய்த்துப் போட்ட பிறகு உங்கள் பக்கம் யார் கையிலும் பழைய ஓட்டம் இல்லை. மொய் நோட்டை எடுத்து, பெரிய தொகை வரவேண்டிய இருபது முப்பது பேரை மட்டும் குறியுங்கள். அவர்களிடம் நீங்கள் செய்த பழைய தொகையை மட்டும் இப்போது கேளுங்கள். மேற்கொண்டு போடும் புதுசை விருந்து நடக்கும்போது போடட்டும். விருந்தே போடாமல் புதுசையும் கேட்டால் பெயர் கெடும். கொடுத்தவர் நோட்டிலும் உங்கள் நோட்டிலும் ஒரே தேதியில் "பழசு வரவு, விருந்து பாக்கி" என்று எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த சுற்றில் தகராறு நிச்சயம்.

கைபேசி வழியாக வாங்கினால் ஒருவர் ஒரு நாளில் அனுப்பக்கூடிய உச்சவரம்பு பொதுவாக ஒரு லட்சம். சொந்தபந்தம் அல்லாதவர்களிடமிருந்து வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் வருமான வரிக் கணக்கில் முழுத் தொகையும் சேரும். விசேஷங்களில் கல்யாணத்துக்கு வருவதற்கு மட்டுமே விலக்கு; மொய் விருந்து கல்யாணம் ஆகாது. நோட்டு வழியாகக் கைமாறியபோது யாரும் யோசிக்காத விஷயம் இது. எனவே நீங்கள் முன்பு செய்த தொகையே திரும்பி வருகிறது என்பதைக் காட்ட பழைய நோட்டுகளைப் பத்திரமாக வைத்து, ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். கடன்காரரிடம் வட்டியை மட்டும் கட்டித் தை வரை தவணை கேளுங்கள். அவரும் யாருக்கோ மொய் பாக்கி வைத்திருப்பவராகத்தான் இருப்பார்.