குறைந்த வெப்பநிலை நல்லதென்றால் 450 பாகை எதற்கு?

கேள்வி: அமோனியா உருவாகும்போது வெப்பம் வெளியேறுவதால், வெப்பநிலையைக் குறைத்தால் விளைவு (கிடைக்கும் அமோனியாவின் அளவு) கூடும் என்று, சமநிலை தன்மேல் திணிக்கப்படும் மாற்றத்தை எதிர்க்கும் பக்கம் நகரும் எனும் இலச்சாட்டலியர் தத்துவத்தில் படித்தோம். தொழிற்சாலையிலோ 450 பாகை செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்களாம். இது முரண்பாடு இல்லையா?
- உயர்தர மாணவி, ஹட்டன்

பதில்: நல்ல கேள்வி. தேயிலை மலைக்குப் போடும் யூரியாவில் ஒரு கைப்பிடியை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். குவளை சில்லிட்டுப் போகும். யூரியா கரையும்போது வெப்பத்தை உள்ளிழுக்கிறது. அந்த யூரியாவுக்கு மூலப்பொருளான அமோனியா உருவாவதோ இதற்கு நேர்மாறானது: ஒரு மூல் நைதரசன் மூன்று மூல் ஐதரசனுடன் சேர்ந்து இரண்டு மூல் அமோனியாவாகும்போது ஏறத்தாழ 92 கிலோயூல் வெப்பம் வெளியேறுகிறது. ஆகவே சூடு கூடினால் சமநிலை (முன்தாக்கமும் பின்தாக்கமும் ஒரே வேகத்தில் நடக்கும் நிலை) பின்னோக்கி நகரும் என்று நீங்கள் படித்தது முற்றிலும் சரி. 200 வளிமண்டல அமுக்கத்தில், 400 பாகையில் சமநிலைக் கலவையின் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல் அமோனியாவாக இருக்கும். 500 பாகையில் அது ஏறத்தாழ 18 சதவீதமாகச் சுருங்கிவிடும்.

ஆனால் எவ்வளவு விளையும் என்பதைத்தான் சமநிலை சொல்லும். எவ்வளவு விரைவில் விளையும் என்பதைச் சொல்லாது. நைதரசன் மூலக்கூற்றின் இரு அணுக்களையும் இறுகப் பிடித்திருக்கும் மும்மைப் பிணைப்பு அறை வெப்பநிலையில் எளிதில் அசையாது என்பதால், அங்கே சமநிலை எவ்வளவு சாதகமாக இருந்தாலும் அதை எட்டக் காத்திருந்து பயனில்லை. இரும்பு ஊக்கி அந்தத் தடையைத் தாழ்த்துகிறது. எனினும் அதுவும் 400 பாகையை ஒட்டிய சூட்டில்தான் போதிய வேகத்தில் வேலை செய்கிறது. ஊக்கி விளைவைக் கூட்டும் என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். முன்தாக்கம், பின்தாக்கம் இரண்டையும் அது ஒருங்கே விரைவுபடுத்துவதால் சமநிலையின் இடம் மாறாது.

சூட்டினால் இழந்ததில் ஒரு பகுதியை அமுக்கம் மீட்டுத் தருகிறது. நான்கு மூல் வாயு இரண்டு மூலாகக் குறைவதால், அமுக்கத்தைக் கூட்டினால் சமநிலை அமோனியாவின் பக்கம் சாயும். ஜெர்மன் இரசாயனவியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் செய்து காட்டியதை, அத்தகைய அமுக்கத்தைத் தாங்கும் உருக்குக் கலன்களை வடிவமைத்து, 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் தொழிற்சாலையாக்கியவர் கார்ல் பொஷ். அமுக்கத்தை மேலும் ஏற்றினால் கலன்களுக்கும் அமுக்கிகளுக்கும் ஆகும் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே 200 வளிமண்டலத்தை ஒட்டியே பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு சுற்றில் ஏறத்தாழ 15 சதவீதமே மாறுகிறது. வெளிவரும் வாயுவைக் குளிர்வித்து அமோனியாவைத் திரவமாகப் பிரித்தெடுத்தபின், எஞ்சிய நைதரசனையும் ஐதரசனையும் மீண்டும் ஊக்கியின் மேல் செலுத்துகிறார்கள். விளைபொருள் விலக விலக, தாக்கம் முன்னோக்கியே நடந்துகொண்டிருக்கும்.