லாரி யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி

தம்பி, தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது, வேலை விசாவில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன், பழைய நாலு டன் லாரி ஒன்று விலைக்கு வருகிறது, சனி ஞாயிறில் வீடு மாற்றிக் கொடுக்கும் தொழில் தொடங்கலாமா, என்னென்ன லைசென்ஸ் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். லாரியை இங்கேயே பிறந்த ஒருவர் பெயரில் பதிந்துகொள்ளலாம் என்று யாரோ சொன்னார்களாம். கூடவே பிள்ளைகள் பள்ளி, வீட்டு வாடகை, இட்லி அரிசி. அரிசி இங்கே டர்பனிலேயே ஓவர்போர்ட் பகுதியில் கிடைக்கும். மற்ற இரண்டையும் குடும்பத்தோடு இருக்கிற உங்கள் ஆபீஸ்காரர்களிடம் கேளுங்கள். எனக்குச் சொல்ல வேண்டியது அந்தப் பெயர் விஷயம்தான்.

2011-ல் எனக்கும் ஒருவர் இதையே சொன்னார். அவரும் நம் ஊர்ப் பக்கத்துக்காரர். அப்போது ஒரு கடையில் வேலை, விசாவும் அந்த வேலைக்கு மட்டும். நாலு வருடச் சேமிப்பைப் போட்டு ஒரு லாரி வாங்கி, பழகிய ஒருவர் பெயரில் பதிந்தேன். எட்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால் லாரி நிறுத்துகிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. போன் செய்தேன். "வண்டி என் பெயரில்தானே இருக்கிறது?" என்றார். போலீசுக்குப் போனால் முதலில் என் விசாவைக் கேட்பார்கள் என்று பயந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அந்த வருடம் தங்கை கல்யாணத்துக்கு நான் போகவில்லை. இன்றும் அது எனக்கு ஆறவில்லை.

அதனால் விசாவில் தொடங்குங்கள். வேலை விசா என்றால் அதில் எழுதியிருக்கிற முதலாளியிடம் எழுதியிருக்கிற வேலையைச் செய்யத்தான் அனுமதி. வார இறுதி என்பதால் விலக்கு கிடையாது. சொந்தத் தொழிலுக்குத் தொழில் விசா என்று தனியாக உண்டு. அதற்கு 50 லட்சம் ராண்டு முதலீடு காட்ட வேண்டும், வேலைக்கு வைப்பவர்களில் 60 சதவீதம் பேர் இந்த நாட்டுக் குடிமக்களாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களாகவோ இருக்க வேண்டும். ஒரு பழைய லாரிக்கு அவ்வளவு பணத்தோடு யாரும் வருவதில்லை. நான் வேலை விசாவில் ஐந்து வருடம் முடித்து, நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்து, கையில் வாங்கிய பிறகுதான் என் சொந்தப் பெயரில் தொடங்கினேன். காத்திருந்த காலம் கசப்புதான். ஆனால் இன்று என் இரண்டு லாரிகளையும் யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

கம்பெனி பதிவு இதில் சின்ன வேலை. கம்பெனிப் பதிவு ஆணையத்தில் ஆன்லைனில் முடிந்துவிடும், பதிவுக்கு 125 ராண்டு, பெயர் ஒதுக்க 50. அதைப் பார்த்துத்தான் நம்மவர்கள் ஏமாந்துபோகிறார்கள். சர்டிபிகேட் வந்ததும் தொழில் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அது கம்பெனிக்கான பத்திரம். உங்களை வேலை செய்ய அனுமதிப்பது விசாதான்.

அப்புறம் லாரி. இங்கே 3,500 கிலோ என்பதுதான் கோடு. மொத்த எடை, அதாவது வண்டியும் ஏற்றக்கூடிய சுமையும் சேர்த்து, அதற்குள் இருந்தால் சாதாரண கார் லைசென்ஸில் பக்கி, அதாவது சின்ன பிக்கப் வண்டி, ஓட்டலாம். நாலு டன் லாரி என்றாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. டிரைவருக்குக் கோட் 10 என்கிற லாரி லைசென்ஸ், அதற்கு மேலே தொழில்முறை ஓட்டுநர் பெர்மிட், அது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. வண்டிக்கு வருடா வருடம் ரோட்வொர்தி என்கிற தகுதிச் சான்று. கண்ணாடியில் ஆபரேட்டர் கார்டு, அதாவது வண்டியை ஓட்டுவிக்கிறவர் யார் என்று காட்டும் அட்டை. அந்த ஆபரேட்டர் யாரோ அவர்தான் அதிக பாரத்துக்கும், தேய்ந்த பிரேக்குக்கும், பெர்மிட் காலாவதியான டிரைவருக்கும் பதில் சொல்ல வேண்டியவர். உங்களுக்குப் பெயர் கொடுக்கிற அந்த நண்பர் இதைத் தெரிந்துதான் கொடுக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆட்களைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து பையன்களைச் சுற்றுலா விசாவில் கூட்டிவந்து சுமை தூக்க வைக்கிறவர்களை எனக்குத் தெரியும். அது குற்றம், அந்தப் பையன்களுக்குச் செய்கிற துரோகமும்கூட. வேலையில் முதுகு ஒடிந்தால் அவர்களைப் பார்க்க ஆளிருக்காது. என்னிடம் ஆறு பேர், எல்லோரும் இந்த மண்ணின் பிள்ளைகள். வேலையின்மைக் காப்பீட்டுக்கு அவர்கள் சம்பளத்தில் 1 சதவீதம், என் பங்கு 1 சதவீதம் கட்டுகிறேன். விபத்து இழப்பீட்டு நிதியிலும் பதிவு உண்டு. சாலைச் சரக்குத் தொழிலுக்கென்று பேரம் பேசும் மன்றம் இருக்கிறது, அதில் பதிந்து அவர்கள் நிர்ணயிக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். 2025 மார்ச்சில் நாட்டின் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 28.79 ராண்டு ஆனது, நடப்பில் இருக்கிற கூலிக்குக் கீழே எவனுக்கும் கொடுக்க முடியாது. 2018-ல் வெளிநாட்டு டிரைவர்களை வேலைக்கு வைப்பதை எதிர்த்து என்-3 நெடுஞ்சாலையில் மூயி ரிவர் பக்கம் லாரிகளை எரித்தார்கள். இந்தத் தொழிலில் வேலை யாருக்குக் கிடைக்கிறது என்பது இங்கே எவ்வளவு சூடான விஷயம் என்பதை மறக்காதீர்கள்.

நான் ஸூலு மொழி கற்றுக்கொண்டது என் ஆட்களிடம்தான். மாடிப்படியில் கண்ணாடி பீரோ திரும்பும்போது "கஹ்லே, கஹ்லே" என்பார்கள், பார்த்து, மெதுவாக என்று. கீழே இருப்பவன் முழங்காலை மடக்கி எடையை வாங்கிக்கொள்வான், மேலே இருப்பவன் கம்பளியை மூலைக்கு இழுத்துவிடுவான்.

சாமான் உடைந்தால் என்ன என்று நீங்கள் கேட்கவே இல்லை, அதுதான் எனக்குக் கவலை. சாலை விபத்து நிதி மனிதருக்குப் பட்ட காயத்துக்குத்தான், சோபாவுக்கு இல்லை. சரக்குக் காப்பீடு சட்டத்தில் கட்டாயம் இல்லை, ஆனால் அது இல்லாமல் ஒரு நாற்காலிகூட ஏற்றாதீர்கள். நுகர்வோர் சட்டம் இங்கே பலமானது. 'எதற்கும் பொறுப்பல்ல' என்று சின்ன எழுத்தில் அச்சடித்தால் நிற்காது. அந்த நிபந்தனையை எளிய மொழியில் எழுதி, வாடிக்கையாளர் கவனத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் படுமோசமான அலட்சியத்துக்கு விலக்கே கிடையாது.

உள்ளூர்த் தமிழர்களோடு பழகுங்கள். புதிதாக வருகிற நம்மவர்கள் பலர், இவர்களுக்குத் தமிழ் பேச வராது என்று ஒதுங்கிப்போகிறார்கள். எனக்கு அதில் மிகவும் வருத்தம். 1860-ல் மெட்ராஸிலிருந்து கப்பலேறி கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வாரிசுகள் இவர்கள். நூற்று அறுபது வருடம் கழித்தும் காவடி எடுக்கிறார்கள். எனக்கு முதல் பத்து வேலைகளைக் கொடுத்தது இவர்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த் பகுதிக்காரர்கள்தான். அங்கே ஒரு பாட்டியம்மா வீட்டைக் காலி செய்தோம். அறுபதுகளில் மேகசீன் பாரக்ஸ் என்கிற இந்தியத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து நிறவெறி அரசு தங்களை அங்கே கொண்டுவந்து இறக்கியபோது கட்டில் நனைந்துபோனதைச் சொன்னார். அன்று மேகம் இருந்தது. பையன்கள் தார்ப்பாயை இரண்டாக மடித்து அவர் கட்டிலை முதலில் மூடினார்கள்.

அந்த லாரிக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றா என்று எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் வட்டத்தில் மொத்த எடை அச்சாகியிருக்கும், அதையும் உங்கள் விசாவில் எழுதியிருக்கிற வரியையும் அப்படியே எழுதி அனுப்புங்கள்.