சிக்குக் கோலம் திரையில் தானே வளர வேண்டும்

கேள்வி: தூரிகையால் காகிதத்தில் போட்ட சிக்குக் கோலத்தை ஸ்கேன் செய்து, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருளில் பென் டூலால் கோட்டின்மேல் மாஸ்க் (படத்தின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று குறிக்கும் எல்லைக்கோடு) வரைந்து, அந்தத் தடத்தில் தூரிகையை ஓட்டும் ஸ்ட்ரோக் எஃபெக்ட் கொடுத்தேன். பல இடங்களில் கோட்டின் ஒரு பாதி காணாமல் போகிறது. கோடுகள் குறுக்கிடும் இடங்களில், இன்னும் முறை வராத கோட்டின் துண்டு முன்கூட்டியே எட்டிப் பார்க்கிறது. எங்கே தவறுகிறேன்?
- வாசகி, மதுரை

பதில்: முதல் சிக்கல் எளிதில் தீரும். சிக்குக் கோலத்தின் கோடு தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவதால், உங்கள் மாஸ்க்கும் மூடிய வடிவமாகிவிட்டது. மூடிய மாஸ்க் 'ஆட்' நிலையில் இருந்தால் தன் எல்லைக்கு வெளியே உள்ளதை மறைத்துவிடும். உங்கள் எல்லையோ கோட்டின் நட்டநடுவே ஓடுகிறது. அந்த நிலையை 'நன்' (None) என்று மாற்றுங்கள். மாஸ்க் படத்தை வெட்டுவதை நிறுத்திவிட்டு, தூரிகை போகும் தடமாக மட்டும் இருக்கும். ஸ்ட்ரோக்கில் பெயிண்ட் ஸ்டைலை 'ரிவீல் ஒரிஜினல் இமேஜ்' என்று வைத்து, தூரிகையின் அளவைக் கோட்டின் மிகத் தடித்த பகுதியைவிடச் சற்றே கூட்டி, கோடு எதுவரை தெரிய வேண்டும் என்று சொல்லும் 'எண்ட்' மதிப்பை 0-இலிருந்து 100-க்குக் கீஃப்ரேம் செய்தால் (நேரப் போக்கில் மாறும்படி குறித்தால்), கணினியின் கோடு அன்றி, உங்கள் கை போட்ட கோடே அதன் மேடுபள்ளங்களுடன் வெளிப்படும்.

இரண்டாவது சிக்கலுக்குத்தான் பொறுமை வேண்டும். தூரிகை கோட்டைவிட அகலமானது. குறுக்கீட்டைக் கடக்கும்போது பக்கத்துக் கோட்டையும் சேர்த்துத் திறந்துவிடுகிறது. எனவே கோட்டைத் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாத துண்டுகளாக மனத்தில் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் லேயரை (படம் இருக்கும் அடுக்கை) ஒரு பிரதி எடுங்கள். ஒவ்வொரு பிரதியிலும் இரண்டு மாஸ்க் வேண்டும்: அந்தத் துண்டின் இரு ஓரங்களையும் ஒட்டி வரைந்த, 'ஆட்' நிலையிலுள்ள மூடிய மாஸ்க் ஒன்று, நடுவே ஓடும் திறந்த தடம் மற்றொன்று. ஸ்ட்ரோக்குக்கு இரண்டாவதையே காட்டுங்கள். முதல் மாஸ்க் குறுக்கே வரும் கோட்டை முன்பே நீக்கிவிடுவதால், தூரிகை எவ்வளவு அகலமாக இருந்தாலும் எதுவும் எட்டிப் பார்க்காது. துண்டுகள் சேரும் இடத்தைக் குறுக்கீட்டில் வைக்காமல், இரண்டு குறுக்கீடுகளுக்கு நடுவே, சில பிக்சல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வையுங்கள்.

வேகத்தையும் கவனியுங்கள். நொடிக்கு 25 ஃப்ரேம் என்ற கணக்கில் 4 நொடி கொடுத்தால் ஃப்ரேமுக்குச் சரியாக 1 சதவீதம் நகரும். அந்தச் சீரான ஓட்டம் உயிரற்றுத் தெரியும். வாசலில் கோலம் போடும் கை நேர்கோட்டில் விரைந்து, புள்ளியைச் சுற்றும்போது நிதானிக்கிறது. நீளமான துண்டுகளில் வளைவுக்கு முன்னும் பின்னும் ஒரு கீஃப்ரேம் சேர்த்து, அந்த நிதானத்தைக் கொடுங்கள். துண்டு மாறும் இடத்தில் மட்டும் எஃப் 9 விசையின் ஈஸி ஈஸ் (கீஃப்ரேமை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, பின் மெல்லக் கூட்டும் வசதி) வேண்டாம். கோடு ஒவ்வொரு முறையும் நின்று நின்று கிளம்பும்.

கேள்வி: என் லோகோவின் கோடுகள் எங்கும் ஒரே தடிமன் உள்ளவை. அதற்கும் மாஸ்க் வேண்டுமா?
- வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலேயே கோடுகள் வரையும் ஷேப் லேயரில் வரைந்து, கோட்டைச் சிறிது சிறிதாக வெளிக்காட்டும் 'ட்ரிம் பாத்ஸ்' சேர்த்தால் போதும். கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டுமானால், அதிலேயே 'இண்டிவிஜுவலி' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.