பெட்டியில் 16 ஜிபி, உள்ளே 8 ஜிபி

பயனீட்டாளர் கேள்வி-பதில். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெரிய திரை ஆண்ட்ராய்டு கைப்பேசிகளைப் பற்றியவை. சுருக்கி, எழுதியவரின் பினாங்கு ஊர்ப் பெயரோடு தந்திருக்கிறேன்.

*அப்பாவுக்கு 72 வயது. நாளிதழை எல்லாம் கைப்பேசியில்தான் படிக்கிறார். 6.8 அங்குலத் திரை வாங்கிக் கொடுத்தால் எழுத்து பெரிதாகத் தெரியுமா? – ஆயர் ஈத்தாம்*

திரை பெரிதானால் எழுத்தும் தானாகப் பெரிதாகிவிடாது. அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. இப்போது வரும் திரைகள் ஒடுங்கி நீண்டவை. 20:9 விகிதத்தில் 6.8 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 7.1 சென்டிமீட்டர்தான். பழைய 16:9 விகிதத்தில் 6 அங்குலத் திரைக்கே 7.5 சென்டிமீட்டர் அகலம் இருந்தது. கூடுதலாகக் கிடைப்பது கீழே சில வரிகள். எழுத்தைப் பெரிதாக்க செட்டிங்ஸில் எழுத்தளவை ஏற்றினால் போதும், அது எந்த ஆண்ட்ராய்டிலும் உண்டு.

நீங்கள் பார்க்க வேண்டியது திரையில் உள்ள புள்ளிகளின் (பிக்சல்) எண்ணிக்கை. விலை குறைந்த 6.7 அங்குலக் கைப்பேசிகள் பலவற்றில் 720-க்கு 1600 புள்ளிகள்தான். அங்குலத்துக்குச் சுமார் 260. 1080-க்கு 2400 என்றால் 390 தாண்டும். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு தமிழ்ச் செய்தியைத் திறந்து பாருங்கள். முதலாவதில் ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் இருக்கும், மெய்யெழுத்தின் புள்ளி மங்கும். அப்புறம் எடை. சாம்சுங் எஸ்24 அல்ட்ரா 232 கிராம். அப்பா படுத்துக்கொண்டு படிப்பவர் என்றால் அவர் கையில் கொடுத்துப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

*108 மெகாபிக்சல் கேமரா நல்லதா, 50 மெகாபிக்சலா? – பிறை*

எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டுமே வழக்கமாகப் பல புள்ளிகளைச் சேர்த்து 12 மெகாபிக்சல் அளவிலான படத்தைத்தான் தருகின்றன. கடையில் வெளிச்சம் குறைந்த மூலையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

*16 ஜிபி ராம் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. 700 வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைத்ததே என்று வாங்கினேன். மூன்று செயலிகளைத் திறந்தாலே திணறுகிறது. கோளாறான செட்டா? – பாயான் லெப்பாஸ்*

செட்டில் கோளாறு இருக்காது. பெட்டியில் எழுதியதில்தான் கோளாறு. செட்டிங்ஸில் கைப்பேசி விவரங்களைத் திறந்து பாருங்கள், ‘8+8’ என்று இருக்கும். முதல் 8 நிஜமான ராம், அதாவது திறந்திருக்கும் செயலிகள் ஓடும் நினைவகம். இரண்டாவது 8, சேமிப்பிடத்திலிருந்து கடனாக எடுத்தது. சேமிப்பிடம் ராமைவிடப் பல மடங்கு மெதுவானது. நிஜ ராம் நிரம்பினால், நீங்கள் கொஞ்ச நேரம் தொடாத செயலியின் தரவை அங்கே தள்ளிவைக்கிறது. திரும்பக் கேட்கும்போது அங்கிருந்து இழுத்து வர வேண்டும், அந்த இடைவெளிதான் திணறல். அதைக் கூட்டி ‘16’ என்று கொட்டை எழுத்திலும், விளக்கத்தை அடியில் பொடி எழுத்திலும் போடுகிறார்கள். இது எனக்கு நெடுநாளாக ஆறாத கோபம். என் வீட்டிலும் இப்படி ஒரு கைப்பேசி இருக்கிறது. விற்றவரிடம் ‘முழுக்க நிஜ ராமா?’ என்று கேட்டேன், ‘ஆமாம்’ என்று தயங்காமல் சொன்னார். வரைபடத்தைத் திறந்துவிட்டு வாட்ஸ்அப்புக்குப் போய்த் திரும்பினால், வரைபடம் வெள்ளையாக நின்று முதலிலிருந்து தொடங்கும். பாலத்தில் ஏறியபின் எந்த வழியில் வெளியேறுவது என்று தேடும் வேளையில் அது எவ்வளவு தொல்லை என்பது வண்டி ஓட்டுபவர்களுக்குத் தெரியும்.

பெரிய திரை வாங்குபவர்கள் திரையை இரண்டாகப் பிரித்துப் பயன்படுத்துவார்கள். மேலே காணொளி, கீழே உரையாடல். நிஜ ராம் அங்கேதான் தேவைப்படுகிறது. சேமிப்பிடத்தின் வகையையும் கேளுங்கள். இஎம்எம்சி என்றால் பின்னணியில் செயலிகள் புதுப்பிக்கப்படும்போதே விரல் தள்ளுவதற்கும் திரை நகர்வதற்கும் நடுவே தாமதம் தெரியும். யுஎஃப்எஸ் வகை அதைவிட வேகமானது. கடையில் காசு கொடுக்கும் முன் கேமரா, வரைபடம், உலாவி, காணொளி என வரிசையாகத் திறந்து, மறுபடி கேமராவுக்கு வாருங்கள். விட்ட இடத்தில் நின்றால் நல்லது. விற்பவர் அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போங்கள்.

உங்கள் செட்டில் அந்தக் கூடுதல் ராம் வசதியை அணைத்துவிட்டுச் சில நாள் பாருங்கள். சேமிப்பிடம் நிரம்பியிருந்தால் காலி செய்யுங்கள், அதுவும் உதவும்.

*ஏபி செட் 300 வெள்ளி மலிவாக வருகிறது. வாங்கலாமா? – புக்கிட் மெர்தாஜாம்*

வேண்டாம். ஏபி செட் என்பது தயாரிப்பாளரின் அதிகாரபூர்வ மலேசிய விநியோகம் வழியாக வராமல் வேறு வழியில் இறக்குமதியானது. பழுதானால் தயாரிப்பாளரின் மலேசியச் சேவை மையம் பெரும்பாலும் உத்தரவாதத்தில் எடுக்காது. கடைக்காரர் தரும் உத்தரவாதம் கடை இருக்கும்வரைதான்.

*அம்மா தனியாகப் போய் ஜோர்ஜ்டவுனில் ஒரு கடையில் வாங்கினார். விளம்பரத்தில் 899 வெள்ளி. முன்பணம் கட்டியபின் ‘செயல்படுத்தும் கட்டணம்’, ‘பாதுகாப்பு மென்பொருள்’ என்று 1,250 ஆக்கிவிட்டார்கள். ஒரு வாரத்தில் திரையில் பச்சைக் கோடு. ‘விற்ற பொருளைத் திரும்பப் பெறமாட்டோம்’ என்ற பலகையைக் காட்டுகிறார்கள். – பட்டர்வொர்த்*

அம்மாவை யாரும் குறை சொல்லாதீர்கள். முன்பணத்தை வாங்கிக்கொண்டு விலையை ஏற்றுவது ஏமாற்று வேலை. வயதானவர்கள் தனியாக வரும்போதுதான் அது நடக்கிறது.

பலகையைக் கண்டு பயப்பட வேண்டாம். விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பலகை மாட்டி அந்த உரிமையைப் பறிக்க முடியாது. முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். இன்ன தேதிக்குள் மாற்றித் தர வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். விளம்பரப் படம், ரசீது, பச்சைக் கோடு தெரியும் படம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையென்றால் டிடிபிஎம் எனப்படும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. மனு எழுதத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள். அம்மாவுடன் நீங்களும் போங்கள்.

*கார் நிறுத்துமிடத்தில் ஒருவரிடம் பழைய கைப்பேசி வாங்கினேன். ரசீது, பெட்டி இல்லை. வீட்டில் திறந்தால் முன்னவரின் கூகல் கணக்கைக் கேட்கிறது. நடுவர் மன்றம் போகலாமா? – குளுகோர்*

தம்பி, பெட்டி இல்லை, ரசீது இல்லை, திறந்துகூடப் பார்க்கவில்லை. இத்தனையும் இல்லாமல் எதற்குப் பணம் கொடுத்தீர்கள்? வியாபாரியாக இல்லாத தனி ஆளிடம் வாங்கியதற்கு அந்த மன்றம் உதவாது. ரசீது இல்லாத நிலையில் அந்தக் கணக்குப் பூட்டை முறையாக நீக்கக் கூடியவர் பழைய உரிமையாளர்தான். அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். விற்றவரைப் பிடிக்க முடியவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

*120 ஹெர்ட்ஸ் வைத்தால் பேட்டரி சீக்கிரம் தீருமா? – பிறை*

தீரும். ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. படிப்பதற்கு 60 போதும்.

*மூன்று ஆண்டுக்கு முன் வந்த பெரிய திரை மாடல், இப்போது பாதி விலை. புது பெட்டி, அசல் உத்தரவாதம். – ஆயர் ஈத்தாம்*

உத்தரவாதத்தோடு பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவரை என்று பாருங்கள். அந்தக் கணக்கு நீங்கள் வாங்கும் நாளிலிருந்து ஓடுவதில்லை, மாடல் வெளிவந்த நாளிலிருந்து ஓடுகிறது. 2024 ஜனவரியில் எஸ்24 வரிசைக்கு சாம்சுங் ஏழு ஆண்டு அறிவித்தது. பல மலிவு மாடல்களுக்கு மூன்று, நான்கு ஆண்டுகளே. வங்கிச் செயலி வைத்திருப்பவர் என்றால் இன்னும் இரண்டு ஆண்டாவது மீதம் இருக்க வேண்டும். தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.